இருபது கிலோபைட் திரையும் மூன்று சுழி ணகரமும்

1984-85ஆம் கல்வியாண்டில் நம் நாட்டில் சுமார் 250 பள்ளிகளுக்கு ஒரு சிறு கணிப்பொறி வந்து சேர்ந்தது. மத்தியக் கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் கூடித் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின் வழியாக வந்த பி.பி.சி. மைக்ரோ என்பதே அது. பின்னர்த் திட்டம் விரிவடைந்து, ஏறத்தாழ 12,000 பொறிகள் மாநில அரசுகளின் வாயிலாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளை அடைந்தன. மொஹாலியிலுள்ள அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதனை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் உருவாக்கிக் கொடுத்தது. கணிப்பொறியைக் கண்ணால் கண்டிராத பல ஆயிரம் மாணவர்களுக்கு இதுவே முதல் கணிப்பொறியாக அமைந்தது.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரம். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் கணிப்பொறிக் கல்வி நிகழ்ச்சிக்குப் பொருத்தமான பொறி ஒன்றைத் தேடியபோது, ஏகார்ன் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் முதலியோர் ஒரே வாரத்தில் மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டினர். 1981 டிசம்பரில் அது விற்பனைக்கு வந்தது. 6502 என்னும் செயலி. 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். ‘பி’ வகையில் 32 கிலோபைட் நினைவகம். இன்று ஒரு கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் கூட அந்த நினைவகத்தில் அடங்காது.

பொறியை இயக்கியவுடன் திரையில் தோன்றுவது ‘மோடு 7’ எனப்படும் காட்சிமுறை. ஒரு வரிக்கு 40 எழுத்து, 25 வரி, ஆக 1000 இடங்கள். இடத்துக்கு ஒரு பைட் வீதம் ஒரு கிலோபைட் நினைவகமே இதற்குப் போதும். எழுத்துகளும் அழகாக, வளைவுகள் மழுங்காமல் தெரியும். ஏனெனில் எழுத்தின் வடிவம் நினைவகத்தில் இல்லை. தொலைக்காட்சிச் செய்தித்தாளுக்கென்று செய்யப்பட்ட தனிச் சில்லு ஒன்றுக்குள் அது நிலையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சில்லில் பொறித்திருப்பவை ரோமன் எழுத்துகள். அவற்றை யாராலும் மாற்ற இயலாது. தமிழ்நாட்டுப் பள்ளியில் அந்தப் பொறியின் முன் அமரும் மாணவன் தன் ஊரின் பெயரைத் தமிழில் காண விரும்பினால், மோடு 7-ஐ விட்டுப் படம் வரையும் காட்சிமுறைகளுக்குச் செல்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

படமுறைகளில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் தனியிடம் உண்டு. மோடு 0 என்பதில் கிடையாக 640, நெடுக்காக 256 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட், எட்டு பிட்டுக்கு ஒரு பைட். கணக்கிட்டுப் பாருங்கள், 20,480 பைட் வரும். மோடு 1-இல் புள்ளிகள் 320 × 256, நிறங்கள் நான்கு. மோடு 2-இல் 160 × 256 புள்ளிகள்; எட்டு நிறங்களும், சிமிட்டும் நிறச் சேர்க்கைகள் எட்டும் உண்டு. இவ்விரண்டும் அதே 20,480 பைட்டையே விழுங்குகின்றன. நிறம் கூடினால் புள்ளி குறையும். புள்ளி கூடினால் நிறம் குறையும். மோடு 4-இல் 320 × 256, இரண்டே நிறம். இதன் விலை 10,240 பைட்.

நினைவகத்தின் கதி என்ன? மொத்தம் 32,768 பைட். வட்டு இயக்கி பொருத்திய பொறியில் தொடக்கத்திலுள்ள 6,400 பைட்டைப் பொறி தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மோடு 7-இல் மாணவனின் நிரலுக்கு 25,344 பைட் எஞ்சும். மோடு 4-க்கு மாறினால் 16,128. மோடு 0-க்கு மாறினாலோ வெறும் 5,888. திரை என்னும் ஒட்டகம் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டால் நிரல் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இனி எழுத்துக்கு வருவோம். படமுறைகளில் எழுத்தின் வடிவை நாமே அமைத்துக்கொள்ள ‘வி.டி.யு. 23’ என்ற கட்டளை உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒன்றில் எழுத்தை வரைந்து, ஒவ்வொரு வரியையும் ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. டகரத்துக்கு 64, 64, 64, 64, 64, 64, 126, 0 என்று கொடுத்தால் போதும். பகரத்துக்கு 66, 66, 66, 66, 66, 66, 126, 0. நேர்கோடுகளால் ஆன இவ்விரண்டு எழுத்தும் இந்தக் கட்டத்துக்கென்றே பிறந்தவை போல் அமர்ந்துகொள்ளும்.

எல்லா எழுத்தும் அவ்வாறு அடங்குமா? மூன்று சுழி ணகரத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்து எழுத்தோடு ஒட்டாதிருக்க ஒரு நெடுவரிசையை வெறுமையாக விட்டால் மீதி ஏழு. ணகரத்தின் சுழிகள் தனித்தனியாகத் தெரியக் குறைந்தது நான்கு நெடுங்கோடுகளும் அவற்றுக்கிடையே மூன்று இடைவெளிகளும் வேண்டும். ஏழும் தீர்ந்தன! வளைவுக்கு இடமில்லை, ணி, ணூ என்று வால் நீட்டவும் இடமில்லை. இரண்டு சுழி னகரம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். உயரத்திலும் இதே நெருக்கடிதான். மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி வைக்க ஒரு வரி, அதன்கீழ் இடைவெளிக்கு ஒரு வரி போக, எழுத்துக்கு எஞ்சுவது ஆறே வரி. ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு வகுத்த கட்டம் தமிழுக்குச் சட்டையாகப் பொருந்தாததில் வியப்பில்லை.

எடுத்துக்காட்டாக, அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இன்று அரியலூர் மாவட்டத்திலும் உள்ள எங்கள் ஆலத்தியூரின் பெயரை எழுதலாம். ஆ, ல, த், தி, யூ, ர் என எழுத்துகள் ஆறு. ஆகாரமும் யூகாரமும் ஒரு கட்டத்தில் அடங்கா. இரண்டிரண்டு கட்டம் கேட்கும். ஆகவே கட்டங்கள் எட்டு, பைட்டுகள் 64. என் மாணவர்கள் சிலர், அப்பொறியைப் போலவே நடக்கும் மென்பொருளில் இதனைச் செய்து பார்த்தபோது, யூகாரத்தின் இரு பாதிகளும் ஒட்டி நிற்கும் இடம்தான் அவர்களை அதிக நேரம் உட்கார வைத்தது.

ஊர்ப் பெயர் எழுதிவிடலாம். தமிழ் முழுவதையும் எழுத முடியுமா? 247 எழுத்துக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. ஔகாரத்தை ஒ, ள இரண்டையும் சேர்த்து அமைக்கலாமாதலால் உயிர் 11, ஆய்தம் 1, அகரமேறிய மெய், புள்ளி வைத்த மெய், இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் ஆறுக்கும் பதினெட்டுப் பதினெட்டாக 108, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என 4. ஆக 124 வடிவங்கள். பி.பி.சி. மைக்ரோவில் வழக்கமாக 32 வடிவங்களையே நாம் அமைக்கலாம். ஆனால் ‘எஃப்எக்ஸ் 20’ என்ற கட்டளையால் 768 பைட்டைக் கூடுதலாக ஒதுக்கினால் 128 முதல் 255 வரையிலான எண்கள் அனைத்தும் நம் வசமாகும். அவை சரியாக 128 இடங்கள். ரோமன் எழுத்துகளைத் தொடாமலேயே தமிழ் அதில் அடங்கி, நான்கு இடம் மிச்சமாகிறது! 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணா, றா, னா ஆகியவற்றுக்கும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கைக் கொம்புக்கும் தனி வடிவங்கள் இருந்தன. அவற்றையும் எண்ணினால் மிச்சமே இராது.

ஆக, எண்ணிக்கையில் தமிழ் அடங்குகிறது. கட்டத்தின் அகலத்தில்தான் அடங்கவில்லை. மோடு 0 இங்கே கைகொடுக்கிறது. அதில் புள்ளிகள் பாதி அகலமே உடையவை. மோடு 4-இல் எட்டு நெடுவரிசை இருந்த அதே அகலத்தில் பதினாறு கிடைக்கும். ணகரம் மூச்சு விட்டுச் சுழியலாம். உயரத்தையும் பதினாறு வரியாக்கினால் எழுத்து சற்று நெட்டையாகத் தோன்றினாலும் தெளிவாகப் படிக்க முடியும். வரிக்கு 40 எழுத்து, 16 வரி. ஆனால் எழுத்துக்கு 32 பைட் வீதம் 124 வடிவங்களுக்கு 3,968 பைட் ஆகும். மோடு 0 விட்டுவைத்த 5,888-இல் இதைக் கழித்தால் நிரலுக்கு 1,920 பைட். தமிழைத் திரையில் காட்டலாம். காட்டிவிட்டு வேறொன்றும் செய்ய இயலாது என்பதே நிலைமை.

இயற்பியலும் ஒரு தடை போட்டது. தொலைக்காட்சித் திரையில் ஒரு வரியை வரைய 64 மைக்ரோ நொடி. மோடு 0-இன் 640 புள்ளிகள் அதில் 40 மைக்ரோ நொடிக்குள் வரையப்படுகின்றன. அதாவது நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் புள்ளிகள். ஒன்றுவிட்டு ஒரு புள்ளி ஒளிர்ந்தால் 8 மெகாஹெர்ட்ஸ் அலை உண்டாகும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் படத்துக்கு ஒதுக்கிய அலைவரிசை அகலமோ 5 மெகாஹெர்ட்ஸ். மோடு 4-இன் 4 மெகாஹெர்ட்ஸ் அதனுள் அடங்கும்; மோடு 0 அடங்காது. வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று கரைந்துபோகும். தனித் திரைப்பெட்டி ஒன்று அவசியம்.

இத்தனை புள்ளிகளை ஓயாமல் திரைக்கு அனுப்பியும் பி.பி.சி. மைக்ரோ மந்தமாகவில்லை என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி. நினைவகச் சில்லுகளை நொடிக்கு 40 லட்சம் முறை படிக்கலாம். அதில் ஒருமுறை செயலிக்கு, மறுமுறை திரைக்கு என்று மாற்றி மாற்றிப் பங்கிட்டனர். இரு குடும்பத்தார் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைப்பது போன்ற ஏற்பாடு இது. அக்காலத்து வேறு பல வீட்டுக் கணிப்பொறிகளில் திரை வரையும்போது செயலி கைகட்டிக் காத்து நின்றது.

நினைவக நெருக்கடியை மீற முயன்றவர்கள் பலர். 1984-இல் டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதிய ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டு இதில் பெயர் பெற்றது. திரையின் மேற்பகுதியில் நுண்ணிய கோடுகள் வேண்டும். கீழ்ப்பகுதியில் நிறங்கள் வேண்டும். எந்தக் காட்சிமுறையும் இரண்டையும் ஒருங்கே 10 கிலோபைட்டில் தருவதில்லை. எனவே எலெக்ட்ரான் கற்றை திரையின் மேற்பகுதியைத் தாண்டும் கணத்தைக் கடிகாரச் சில்லால் அளந்து, அந்த நொடித்துளியில் மோடு 4-இலிருந்து நான்கு நிற மோடு 5-க்கு மாற்றினர். நொடிக்கு 50 முறை இந்த மாற்றம் நிகழும், கண்ணுக்குத் தெரியாது. திரையின் அகலத்தையும் 256 புள்ளிகளாகச் சுருக்கி நினைவகத்தை மிச்சப்படுத்தினர். திரையின் நீள அகலத்தை வகுக்கும் 6845 என்னும் சில்லில் 18 பதிவகங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றின் எண்ணை மாற்றினால் கையேட்டில் இல்லாத திரைகளும் பிறக்கும். இதே வழியில் மோடு 0-இன் உயரத்தைப் பாதியாக்கினால் விலை 10,240 பைட்டாகக் குறையும். 640 × 128 புள்ளிகள். பதினாறு வரி உயர எழுத்தில் எட்டு வரித் தமிழ். எழுத்து வடிவங்கள் போக நிரலுக்கு 12,160 பைட். பள்ளிப் பாடம் ஒன்றுக்கு இது போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏகார்ன் நிறுவனம் கண்ட தீர்வு வேறு. 1985-இல் வந்த ‘பி பிளஸ்’ வகையிலும் 1986-இல் வந்த ‘மாஸ்டர்’ வகையிலும் திரைக்கென்று 20 கிலோபைட் நிழல் நினைவகத்தைத் தனியே வைத்தனர். மாஸ்டரில் மோடு 0-க்குப் பதில் மோடு 128 என்று கேட்டால் அதே 640 × 256 புள்ளிகள் கிடைக்கும். நிரலுக்கோ 29,184 பைட் அப்படியே இருக்கும். ஆயினும் நம் பள்ளிகளுக்குத் திட்டத்தின் தொடக்கத்தில் வந்தவை நிழல் இல்லாத பழைய பொறிகள்.

அதற்குள் இந்திய மொழிகள் வேறு பாதையில் புறப்பட்டிருந்தன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி, 1988-இல் நிறுவப்பெற்ற புனே சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை, ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிக்குள் செருகப்பட்டு, இந்திய எழுத்துகளின் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய இடங்களும் தற்செயலாக 128 தான். ஆனால் அங்கே ணிகரத்துக்கும் ணூகாரத்துக்கும் தனி எண் கிடையாது. ணகரத்துக்கு ஓர் எண், குறிக்கு ஓர் எண். இரண்டையும் சேர்த்து வடிவமைப்பது எழுத்துரு மென்பொருளின் பொறுப்பு.

பழைய பி.பி.சி. மைக்ரோக்களைப் பாதுகாப்போர் இன்றும் அவற்றின் திரையை விரிவாக்கி வருகின்றனர். படச் சில்லைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்தும் ‘வீடியோ நூலா’ என்னும் சிறு பலகை, எட்டு நிறமே அறிந்திருந்த பொறிக்கு 4,096 நிறங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகிறது. திரைக்குரிய நினைவகம் மட்டும் அதே 20,480 பைட்.