அப்பாவும் மகளும் ஒரே சபையில்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1952-ல் நடந்தபோது, கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் சிரமமே இருக்கவில்லை. கூட்டுறவு இயக்கத்தில் பெயர் பெற்ற டி. ஏ. ராமலிங்கம் செட்டியார் காங்கிரஸ் அபேட்சகராக மனுப் போட்டார். எதிர்த்து நிற்க யாரும் இல்லை. போட்டியின்றியே எம்.பி. ஆனார்.

அடுத்த பொதுத் தேர்தல் 1957-ல் வந்தது. காமராஜ் முதல் மந்திரியாக இருந்த சமயம். சென்னை ராஜ்யத்தின் 41 லோக் சபை ஸ்தானங்களில் 31-ஐக் காங்கிரஸ் வாரிக்கொண்டு போயிற்று. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. மதுரை ஒன்று, கோவை மற்றொன்று. கோவையில் ஜயித்தவர் பார்வதி கிருஷ்ணன்.

அப்போதெல்லாம் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் கிடையாது. ஒவ்வோர் அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்திருப்பார்கள். மறைவுக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். இரட்டைக் காளைப் பெட்டியைத் தாண்டிக் கதிர் அரிவாள் பெட்டிக்குப் போன கைகளைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஏனென்றால் அந்த அம்மாள் யார் என்று பாருங்கள். குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயனின் மகள். தந்தை 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. தாயார் ராதாபாய் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனவர். மகளோ ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். இதை நான் நாவலில் எழுதியிருந்தால், "நம்பும்படியாக இல்லையே, ஸார்" என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள். அதோடு நின்றதா? அதே 1957-ல், அதே கொங்கு நாட்டின் திருச்செங்கோட்டில் காங்கிரஸின் சார்பில் நின்று ஜயித்தவர் சாட்சாத் சுப்பராயன்தான்! 1959-ல் அவர் மத்திய மந்திரியும் ஆனார். தகப்பனார் சர்க்கார் வரிசையில், மகள் எதிர் வரிசையில். பக்கத்து நாமக்கல்லிலோ தி.மு.க.வின் ஈ. வெ. கி. சம்பத் ஜயித்திருந்தார்.

ஜமீன் பெயருக்காகத்தான் கோவை ஓட்டுப் போட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன் பிறகு பருத்திக் காட்டுக்கு நடுவே ஆலை மேல் ஆலையாக எழும்பிற்று. ஆலைச் சங்கு ஊதித்தான் பல வீடுகளில் பொழுது விடிந்தது. ஷிப்டு, கூலி, வேலை நீக்கம் இவைதான் அங்கே திண்ணைப் பேச்சு. 1946 ஜனவரி 8-ந் தேதி, சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளிகள் நான்கு பேரைக் கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். அது நடந்து பதினொரு வருஷம்தான் ஆகியிருந்தது. நால்வரோடு சேர்ந்து தறியிலும் நூற்புப் பிரிவிலும் நின்றவர்கள் 1957-ல் வாக்காளர்கள். அவர்களுக்குக் குமாரமங்கலம் அரண்மனை எதற்கு?

ஜமீன் பெயர் அத்தனை வலிமையுள்ளது என்றால் 1962-ல் அது எங்கே போயிற்று? அந்தத் தேர்தலில் பார்வதி தோற்றார். தோற்கடித்தவர் காங்கிரஸின் பி. ஆர். ராமகிருஷ்ணன்; 1957-ல் பொள்ளாச்சி எம்.பி.யாகியிருந்தவர், ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இதைப் பார்த்து, 'கோவை மனம் மாறிவிட்டது' என்று எழுதியவர்களும் அவசரக்காரர்களே. 1967-ல் மார்க்சிஸ்டு கட்சியின் கே. ரமணி அங்கே ஜயித்தார். அவர் தொழிற்சங்கத்துக்காரர், அரண்மனைப் பெயர் ஒன்றும் அவருக்கு இல்லை. அதே வருஷம், உணவு மந்திரியாகப் பேரோடு இருந்த சி. சுப்பிரமணியத்தையே கோபிசெட்டிபாளையம் வீட்டுக்கு அனுப்பிற்று. கொங்கு நாட்டுக்காரர்கள் மரியாதை கொடுப்பதில் குறை வைக்கமாட்டார்கள். ஓட்டு வேறு கணக்கு.

1971-ல் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியின் கே. பாலதண்டாயுதம் கோவை எம்.பி. ஆனார். 1973 மே 31-ந் தேதி டில்லி அருகே விழுந்து நொறுங்கிய விமானத்தில் அவர் மாண்டார். அதே விமானத்தில் மாண்ட இன்னொருவர், கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரஸுக்கு வந்து மத்திய மந்திரியான மோகன் குமாரமங்கலம். பார்வதியின் கூடப்பிறந்த அண்ணன். காலியான ஸ்தானத்துக்கு இடைத் தேர்தல் வந்தது. அண்ணனைப் பறிகொடுத்த தங்கை மறுபடியும் கோவையில் வந்து நின்றார். ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1977-லும் தேர்ந்தெடுத்தது.