மலத்தில் இரத்தமா? மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

சுங்கை ஆயர் தாவார் தொடங்கி கோல சிலாங்கூர் வரையிலான தோட்டப்புறங்களில், மலம் கழிக்கும்போது இரத்தம் வந்தால் 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீரோடு விட்டுவிடுவோர் உண்டு. வெட்கத்தால் வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்களும் உண்டு. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். அதை எளிதில் குணப்படுத்தவும் முடியும். ஆனால், மருத்துவர் பார்க்காமல் மூலம்தான் என்று முடிவு செய்வது ஆபத்து.

மூலம் என்றால் என்ன?

ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் எல்லாருக்கும் உண்டு. மலம் கசியாமல் தடுக்க இவை உதவுகின்றன. தொடர்ந்த அழுத்தத்தால் இவை வீங்கிக் கீழே இறங்குவதே மூலநோய். மலாயில் இதைப் 'புவாசிர்' என்பர்.

காரணங்கள்

மலச்சிக்கலும் முக்கி மலம் கழிப்பதுமே முதன்மைக் காரணங்கள். நார்ச்சத்துக் குறைந்த உணவு, வெயிலில் வேலை செய்தும் போதிய தண்ணீர் குடிக்காதது, கைப்பேசியுடன் கழிப்பறையில் நெடுநேரம் உட்காருவது, கர்ப்பம், முதுமை, உடல் பருமன் ஆகியவையும் காரணமாகலாம். செம்பனைக் குலை போன்ற பாரங்களை மூச்சடக்கித் தூக்குவதும் வயிற்றில் அழுத்தத்தைக் கூட்டும்.

அறிகுறிகள்

உள்மூலத்தில் வலி இருக்காது. மலத்தோடு பளிச்சென்ற சிவப்பு இரத்தம் வரும். முற்றினால் சதை வெளியே தள்ளும். தொடக்கத்தில் அது தானாக உள்ளே போகும். பிறகு விரலால் தள்ள வேண்டியிருக்கும். நான்காம் நிலையில் உள்ளே போகாது. வெளிமூலத்தில் அரிப்பும் வீக்கமும் இருக்கும். இரத்தம் உறைந்து கட்டினால் கடுமையாக வலிக்கும்.

என்ன செய்யலாம்?

கீரை, பப்பாளி, கொய்யா, பருப்பு வகைகளைத் தினமும் சேர்த்துக் கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலம் வரும் உணர்வை அடக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் வலி குறையும். இதில் தீராவிட்டால் மருந்தும், மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் போடும் சிகிச்சையும் உண்டு. எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. கடைகளிலும் இணையத்திலும் விற்கும் மூல மருந்துகளை வாங்குமுன், சுகாதார அமைச்சின் 'எம்ஏஎல்' பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பெருங்குடல் புற்றுநோயிலும் மலத்தில் இரத்தம் வரும். மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. மலம் கறுப்பாகப் போவது, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, காரணமின்றி எடை குறைவது, சோகை, குடும்பத்தில் யாருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்தது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி ஏதும் இல்லாத 50 முதல் 75 வயதினருக்கு, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் மலப் பரிசோதனை அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் உண்டு. இரத்தத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இதற்காகக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் மருத்துவரே மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார். சொல்லக் கூச்சமாக இருந்தால் 'பேராக் பெர்டாரா' என்ற இரண்டு சொற்கள் போதும். மற்றதை அவர் கேட்டுக் கொள்வார்.