சோதனைப் பெட்டியும் ஒரு சங்கமும்

பதினான்கு வயதுப் பையன். எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னால் தடுமாறிப்போவான். 1896 மார்ச்சில் பிலடெல்பியாவின் பள்ளி ஆசிரியை ஒருவர் அவனைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே உளவியல் கற்பித்த லைட்னர் விட்மர் அவன் கண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பார்த்தால், பையனுக்கு எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன! கண்ணாடி போட்டார்கள், தனியே உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், ஓரளவு தேறினான். மக்கு என்று பெயரெடுத்திருக்க வேண்டியவன் தப்பித்தான். உலகின் முதல் உளவியல் கிளினிக் அப்படித்தான் பிறந்தது.

அமெரிக்காவின் முதல் மாநிலப் பள்ளி உளவியலாளர் சங்கம் ஒஹாயோவில் உருவானது 1943-இல். அந்தக் கதையை இந்தப் பையனிடம் தொடங்கக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு என்ன தடங்கல் என்று தேடுவதா, பிள்ளை எந்த ரகம் என்று பிரித்துவிடுவதா என்ற இரண்டுக்கும் நடுவே இந்தத் தொழில் வெகுகாலம் ஊசலாடியது.

பிரிப்பதற்கான கருவி பாரிஸிலிருந்து வந்தது. பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் ஓர் அளவுகோல் செய்தார்கள். 1908-இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி காடர்ட். அறிவு பரம்பரையாக வருவது, அதை மாற்ற முடியாது என்று நம்பியவர். கைதூக்கிவிடச் செய்த கருவி அவரிடம் வந்ததும் முத்திரை குத்தும் கட்டையாகிவிட்டது. மந்தபுத்திக்காரரைக் குறிக்கும் 'மோரான்' என்ற ஆங்கிலச் சொல்லையே அவர்தான் உண்டாக்கினார். 1918-இல் ஒஹாயோவின் தலைநகர் கொலம்பஸுக்கு வந்து, பிறகு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1928-இல் தம் பழைய கருத்துகள் சிலவற்றைத் தவறென்று ஒப்புக்கொண்டார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால், விட்ட அம்பு விட்டதுதான்.

அதே மாநிலத்தின் சின்சினாட்டியில் வேறொரு காற்று வீசியது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஹெலன் தாம்சன் வூலி 1911 முதல் சோதித்து, பள்ளியில் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டு, வருடக்கணக்கில் ஆராய்ந்தார். இரண்டு பக்கமும் அங்கே ஆள் இருந்தார்கள். சங்கத்துக்கான மண் ஒஹாயோவில் முதலில் பதப்பட்டது இதனால்தான் என்பது என் ஊகம்.

'பள்ளி உளவியலாளர்' என்ற பதவிப் பெயரோடு அமெரிக்காவில் முதலில் வேலைக்கு வந்தவர் ஆர்னால்ட் கெசல். இடம் கனெக்டிகட், ஆண்டு 1915. அவருக்குப் பின் வந்தவர்கள் தனி ஆட்கள். ஆசிரியர்களோடும் சேர்த்தியில்லை, மருத்துவர்களோடும் சேர்த்தியில்லை. மணிகள், மரக்கட்டைகள், படங்கள் அடங்கிய சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்க வேண்டும். எழுதிக்கொடுக்கும் அறிக்கையில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தே மாறிவிடும். ஐயம் வந்தால் கேட்க, பக்கத்தில் இன்னொருவர் கிடையாது.

சங்கம் ஏன் மாநில அளவில் தேவைப்பட்டது? அமெரிக்காவில் பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. நம் ஊரில்போல அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிவிடவில்லை. யார் பள்ளி உளவியலாளர், என்ன படித்திருக்க வேண்டும் என்று உரிமச் சான்று தருவது மாநிலக் கல்வித்துறைதான். ஆகவே வாதாட வேண்டிய இடமும் அதுவே. இன்னொரு மனக்குறையும் இருந்தது. அமெரிக்க உளவியல் கழகம் முழு உறுப்பினராக முனைவர் பட்டம் கேட்டது. பள்ளிகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழ்ப்பட்ட பட்டக்காரர்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி போல!

அந்தக் குறையை ஒஹாயோ சங்கம் தனக்கு மட்டும் தீர்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1968-இல் பிற மாநிலத்தவரைக் கொலம்பஸுக்கு அழைத்துக் கூட்டம் போட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் பிறந்தது. கிளைதான் இங்கே மரத்தை நட்டது.

சங்கம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஐ.க்யூ. சோதனை வைத்து, மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் தள்ளியிருந்தார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தால் பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே இல்லை. இது 1970-இல் தீர்ந்த 'டயானா' வழக்கு. 1979-இல் 'லாரி பி.' வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளை அத்தகைய வகுப்பில் போட ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூண்டில் நின்றது கல்வித்துறை; ஆனால் பெட்டியைத் திறந்து சோதித்தது இந்தத் தொழில்காரர்களின் கைகள். சங்கங்கள் நெறிமுறை, பயிற்சி, உரிமம் என்று இன்றும் ஓயாமல் பேசுவது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்குகளைப் படிக்கலாம்.

இடையில் 1975-இல் மாற்றுத்திறனுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தரும் சட்டம் வந்தது. பள்ளிக்கு வெளியே முற்றிலும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் 10 லட்சம் பேர் என்று அந்தச் சட்டமே பதிவுசெய்திருக்கிறது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஒரு குழு சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. வேலைவாய்ப்பு பெருகியது, கூடவே தாள் வேலையும் குவிந்தது. 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் என்பது தேசியச் சங்கத்தின் பரிந்துரை. பல மாநிலங்களில் ஒருவர் தலையில் ஆயிரத்துக்கும் மேல். வகுப்பில் உட்கார்ந்து பிள்ளையைக் கவனிக்கவும் ஆசிரியரோடு பேசவும் நேரம் எங்கே மிஞ்சும்?

ஒஹாயோ என்றதும் நம்மவர்களுக்குக் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும். அங்கே பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையைச் சோதிக்கச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் பதற வேண்டாம்; படிக்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். பிள்ளைக்குத் தமிழ்தான் நன்றாக வருமென்றால், இயன்றவரை அந்த மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.