கைநாட்டு (மதுரை வட்டாரம்)

கையெழுத்துக்குப் பதிலாகவோ துணையாகவோ மை தொட்டு வைக்கும் பெருவிரல் பதிவு கைநாட்டு. பத்திரம், கடன் சீட்டு, மணியார்டர் என எல்லாவற்றிலும் இதைக் காணலாம். மதுரையின் மேற்குச் சமவெளியில் இதற்கு ரத்தம் தோய்ந்த ஒரு வரலாறும் உண்டு.

இந்தியாவில் அரசு அலுவலகங்களுக்கு ரேகைப் பழக்கம் வந்த வழியே அலுவலக முத்திரை மையின் வழிதான் என்று சொல்லலாம். 1858-ல் வங்காளத்தில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைத் தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். நாளைக்கு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று அவர் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. ஒப்பந்தக்காரரைக் கட்டிப்போட வந்த மை, அதற்குள் குற்றவாளியைத் தேடும் மையாகிவிட்டது.

பத்திரக் கைநாட்டுக்கும் போலீஸ் ரேகைக்கும் செய்முறை வேறு. பத்திர எழுத்தர் மேசையில் இருப்பது ஊதா ஸ்டாம்பு பேடு. அதன் மையில் கிளிசரின் கலந்திருப்பதால் மதுரை வெயிலிலும் சட்டென்று காயாது. விரலை அழுத்தித் தேய்த்தால் வரிகளின் இடுக்கில் மை புகுந்து, தாளில் வெறும் ஊதாப் பொட்டுதான் விழும். பழகியவர் விரலை லேசாக ஒற்றி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே உருட்டாக உருட்டிவிடுவார். பக்கத்திலேயே யாருடைய ரேகை என்று எழுதி, சாட்சியும் கையெழுத்திட வேண்டும். போலீஸ் முறையில் கறுப்பு அச்சு மையைத் தகட்டில் உருளையால் பரப்பிப் பத்து விரலையும் எடுப்பார்கள். அதைப் போக்கச் சோப்பு போதாது, மண்ணெண்ணெய் வேண்டும்.

இந்தக் கறுப்பு மைதான் மதுரைக்காரர்களைக் கொந்தளிக்க வைத்தது. 1871-ல் வட இந்தியாவுக்காக வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்தையும் எட்டியது. சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது 1914-ல் பாய்ந்து, சில ஆண்டுகளில் மாவட்டத்தின் பிரமலைக் கள்ளர் அனைவரையும் வளைத்துக்கொண்டது. குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை, பிறப்பு போதும். பெயரைப் பதிந்து ரேகை வைக்க வேண்டும், ராத்தங்கலுக்குக் காவல் நிலையமோ சாவடியோ போக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஊரார் வாயில் இது 'ரேகைச் சட்டம்' ஆனதில் வியப்பில்லை.

உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள் என்பது அங்கே நினைவுகூரப்படும் கணக்கு. பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்றே அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் தொடர்ந்து போராடிய பின், 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது.

ஊதா மையின் ஆட்சி அதன் பின்னும் தொடர்ந்தது. தபால்காரர் மணியார்டர் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பேடைத்தான் திறப்பார். 2018-ல் பதிவுத் துறையின் 'ஸ்டார் 2.0' மென்பொருளும், 2020-ல் ரேஷன் கடைகளின் கைரேகைக் கருவியும் மையில்லாத கைநாட்டைக் கொண்டுவந்தன. வயலிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்த விரல்களைக் கருவி பல நேரம் அடையாளம் காண்பதில்லை. அதனால் இப்போது கருவிழியைப் படிக்கும் கருவியும் கடைகளுக்கு வந்திருக்கிறது.