பழையசீவரம் மலையும் பருவம் பார்க்கும் வழக்கமும்

இலையுதிர்காலத்தில் மலையேறி, நிறம் மாறும் காட்டைப் பார்த்துவருவது குளிர்நாடுகளின் வழக்கம். காஞ்சிபுரம் வட்டாரக் குன்றுகளில் இலை சிவந்து உதிரும் பருவம் கிடையாது. அதனால் பருவம் பார்க்க மலைக்குப் போகும் மரபே நமக்கில்லை என்று எண்ணிவிடுகிறோம். வாலாஜாபாத்தை அடுத்த பழையசீவரம் அப்படிச் சொல்லவில்லை. பொங்கலன்று இரவு காஞ்சியிலிருந்து புறப்படும் வரதராஜப் பெருமாள், வாலாஜாபாத் வழியாக வந்து, மாட்டுப் பொங்கலன்று இந்த மலை மண்டபத்தில் எழுந்தருள்கிறார். பிறகு இவ்வூர் லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து, செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் சேர்கிறார். பார்வேட்டை எனப்படும் இவ்விழாவுக்காகச் சுற்றுப்பட்டு ஊர்களே மலையேறி ஆற்றில் இறங்குகின்றன.

இந்த நாளின் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுக்கிறது. தை முன்பனிக்காலம். ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகள் தேங்கி, சம்பா அறுவடையாகும் வேளை. சித்திரையில் காய்ந்து கிடக்கும் பாறைச் சரிவில் தையில் பசுமை நிற்கும். பருவமறிந்து பச்சிலை தேடியதற்கும் இங்கே சான்று உண்டு. திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுரசாலையை, அதாவது மருத்துவமனையைச் சொல்கிறது. மூலிகையும் விறகும் கொண்டுவர அங்கே இருவர் இருந்தனர். எந்தப் பச்சிலை எப்போது எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் அந்த வேலை நடந்திருக்காது.

பார்வேட்டை வைணவச் சடங்கு, தொல்காப்பியம் சொல்வது அகப்பாட்டின் இலக்கணம், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது இங்கே வாதமன்று. இரண்டும் ஒரே மழையின் போக்கை ஒட்டி அமைந்தவை. நாள் பஞ்சாங்கத்தால் முடிவாகிறது, இயற்கையைப் பார்த்து அல்ல என்பது இன்னொரு மறுப்பு. நாள் மாறாததுதான் அதன் பயன். ஆண்டுதோறும் அதே நாளில் அதே ஆற்றில் இறங்குபவருக்கு, சென்ற தையில் கணுக்கால் நனைய நீர் ஓடிய இடம் இந்தத் தையில் வெறும் மணலாகக் கிடப்பது தானாகவே தெரியும். பாலாற்றில் மணல் அள்ளியதால் வந்த பள்ளமும், குன்றுகளைக் கல்குவாரி தின்ற இடமும் அதே கண்ணுக்குத் தப்பாது. இந்த மலையையும் ஆற்றையும் விழாவின் பகுதியாகவே மதித்துக் காப்பதுதான் பார்வேட்டைக்கு நாம் செய்யும் முழு மரியாதை.