கீழ்க்கரையும் கடல் வல்லரசுகளும்

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வெருகலாற்றுக்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்த ஊர் கதிரவெளி. அதன் தெற்கே புளியந்தீவுக் கோட்டையும் வடக்கே திருகோணமலைக் கோட்டையும் உள்ளன. ஐரோப்பியர் இலங்கையை நாடியதற்குக் கறுவாவே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படுவது. ஆனால் கறுவா மிகுந்தது தென்மேற்குக் கரையிலாகும். அவ்வாறாயின், கீழ்க்கரையில் கோட்டை எழுப்பிக் காவற்படை நிறுத்த வேண்டிய தேவை யாது?

முதற் காரணம் கண்டியரசாகும். மேற்குக் கரை போர்த்துக்கேயர் வசமான பின்னர் கண்டி மன்னருக்குக் கடல்வாயிலாக எஞ்சியவை மட்டக்களப்பும் கொட்டியாரமுமே. உப்பும் துணியும் உள்நாட்டுக்குச் செல்லவும், பிறநாட்டுத் தூதுவர் மன்னரைக் காணவும் இவையே வழியாயின. 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டி சென்றார். 1620இல் டேனியர் திருகோணமலைக்கு வந்தனர். அவ்வாண்டிலேயே அவர்கள் தரங்கம்பாடியிலும் இடம் பெற்றனர். விழிப்படைந்த போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் ஆலயத்தை இடித்துத் திருகோணமலையிலும், 1628இல் புளியந்தீவிலும் கோட்டை அமைத்தனர். கறுவாவைப் பெறுவதற்கன்று, கண்டியின் கதவை அடைப்பதற்கே இக்கோட்டைகள் எழுந்தன எனலாம்.

அக்கதவைத் திறக்க விரும்பிய இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே மாதத்தில் புளியந்தீவுக் கோட்டை வீழ்ந்தது. சில நாட்களில் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. கைப்பற்றப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்பது மன்னனிடமிருந்த பிரதியின் வாசகம். ஒல்லாந்தரின் பிரதியில் ‘மன்னன் விரும்பினால்’ என்பது இல்லை. தவறுதலாக விடுபட்டதென்று நம்புவது கடினம். இரு கோட்டைகளும் சிலகாலம் மன்னன் வசம் திரும்பினும் 1660களில் ஒல்லாந்தர் அவற்றை மீண்டும் கைக்கொண்டனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையுடன் தீவின் கரையோரம் முழுவதும் அவர்களுடையதாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் மற்றொரு காரணம் மேலோங்கிற்று. அது காற்று. சென்னையில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் ஆங்கிலக் கடற்படை சோழமண்டலக் கரையை விட்டுப் பம்பாய்க்கு ஒதுங்க நேர்ந்தது. அம்மாதங்களில் வங்கக் கடல் காவலின்றிக் கிடந்தது. எப்பருவத்திலும் கப்பல்களுக்குப் புகலிடம் தரவல்ல திருகோணமலைக் குடா பகைவர் கையில் இருப்பதை ஆங்கிலேயர் பொறுக்கவில்லை. 1782 சனவரியில் தளபதி ஹியூஸ் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். மொரீசியசைத் தளமாகக் கொண்ட பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஓகஸ்டில் அதனைப் பறித்தார். மழைக்காலத்தில் ஹியூசின் கடற்படை மீண்டும் பம்பாய்க்கே சென்றது. சமாதானத்தின் பின்னர் துறைமுகம் ஒல்லாந்தரிடம் திரும்பிற்று.

1795இல் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தைக் கைக்கொண்டன. அதன் விளைவை முதலில் கண்டது இக்கரையே: அவ்வாண்டு ஓகஸ்டில் திருகோணமலையும் அடுத்து மட்டக்களப்பும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன, கொழும்பு வீழ்ந்தது 1796இலேயே. நன்னம்பிக்கை முனையையும் 1795இலேயே அவர்கள் பற்றினர். மொரீசியசை 1810இல் பெற்றனர். இந்தியாவுக்கான கடல்வழியின் படிகள் இவ்வாறு ஒருவர் கைக்குள் வந்தன.

ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும் அதே துறைமுகமே இலக்காயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னிரவில் அங்கிருந்து விலகிக் கதிரவெளிக் கடலைக் கடந்து தெற்கே சென்ற ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுதந்திரத்தின் பின்னரும் ஆங்கிலேயர் வைத்திருந்த அத்தளம் 1957இலேயே இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.