பேருருவ அரக்கர் மேடையேறிய வரலாறு

எமது தெமோதரைக்கு அடுத்த புகையிரத நிலையம் எல்ல. அங்கிருந்து வெல்லவாய செல்லும் பாதையிலே இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சி உள்ளது. சீதாபிராட்டியை அவன் மறைத்து வைத்த குகை அதன் அண்மையிலே உண்டென்பது வழிவழி வந்த ஐதிகம். பத்துத் தலையும் இருபது தோளும் உடைய அவ்வரக்கனை, ஒரு தலையும் இரு கையும் உள்ள மனிதன் மேடையில் ஏற்று ஆடுதல் எங்ஙனம்? ஆடினும் அவன் பெருமை குன்றாதோ? இவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடையைச் சிறிது ஆராய்வோம்.

கும்பகருணனைப் போர்க்களத்திலே கண்ட இராமபிரான், அவனுடைய ஒரு தோளினின்று மறு தோள்வரை கண்ணோட்டுதற்கே நாட்கள் பல வேண்டும் என வியந்ததாகக் கம்பர் பாடுகின்றார். ஆயினும் அவன் நம் நெஞ்சில் நிற்பது உடலின் பருமையால் அன்று. அண்ணன் செய்தது தவறு என இடித்துரைத்தான். தம்பி வீடணன் வந்து அழைத்தும் போக மறுத்தான். செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரை ஈந்தான். மலை போன்ற உடலை ஏட்டிலே எழுதலாம். மேடையில் ஏற்றக்கூடியது அந்த உள்ளமே.

இவ்வுண்மையைக் கூத்தர் நன்கு அறிந்திருந்தனர். தெருக்கூத்திலே இருவர் திரை பிடிக்க, அதன் பின்னின்று முதலிற் கேட்பது அரக்கனின் குரலே. முகம் காணுமுன் அவன் உருவத்தைச் சபையோர் தம் மனத்தாலே அளந்து முடித்துவிடுவர். பின்னர் உயர்ந்த கிரீடமும் தோளணியும் அந்த அளவை நிறைவு செய்யும். மலையாளத்துக் கதகளியிலும் திரையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி இராவணனைக் காட்டுவர். மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே கரப்புடுப்பும் மத்தள முழக்கமும் வரவு ஆட்டமும் வட்டக்களரியை நிறைத்துவிடும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இரணியன், இராவணன், யமன் முதலிய வேடங்களைத் தாமே தாங்கியவர். அவர் வேடத்தைக் கண்டு மக்கள் உண்மையாகவே அஞ்சினர் என்பர். பின்னாளிலே இவ்வரக்கர் வெறும் பகைவராக நில்லாது நாயகராகவும் உயர்ந்தனர். தமிழகத்தில் ஆர்.எஸ். மனோகர் “இலங்கேஸ்வரன்” நாடகத்தை நடத்தினார். நம் நாட்டிலே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் “இராவணேசன்” கூத்தை மேடையேற்றினார். அதனை எழுதிய சி. மௌனகுரு தாமே இராவணனாகவும் ஆடினார். விடிய விடிய ஆடும் கூத்தின் நேரம் அங்கே சுருங்கியது, இராவணன் சுருங்கவில்லை.

இன்றைய இளைஞர் விரும்பும் வீடியோ கேம் உலகிலும் இதே வழக்கு எழுந்தது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் “மெட்ராய்ட்” விளையாட்டிலே 1986இல் தோன்றிய பறக்கும் கொடியோன் ரிட்லி. பல கதைகளின் வீரரும் ஒன்றுகூடிப் பொருதும் “சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்” விளையாட்டின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவன் எதிர்ப்படும் பகைவனாக மட்டுமே வந்தான். ஆடுவோர் தம் கையால் இயக்கும் வீரனாவதற்கு அவன் உடல் மிகப் பெரிது என்பதே நெடுநாளையத் தடை. 2018 டிசம்பரில் வெளிவந்த பதிப்பிலே உடலைக் குறுக்கினர். சிறகையும் வாலையும் கொடுங்குணத்தையும் விட்டு வைத்தனர். அவனும் வீரர் வரிசையிற் சேர்ந்தான். நம் கூத்தர் கண்ட வழியும் இதுவன்றோ!

அரக்கனுக்குப் பெருமை தருவது பக்திக்கு இழுக்கு எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. இரணியன் அற்பனாயின், அவன் முன் அஞ்சாது நின்ற பிரகலாதனின் பக்திக்கு என்ன சிறப்பு? தூணைப் பிளந்து நரசிங்கம் தோன்றவும் வேண்டுவதில்லையே! அதேவேளை, இராவணனை உயர்த்தும் ஆர்வத்தில் பிறன்மனை நயந்த அவன் குற்றத்தை மறைப்பதும் தகாது. பெருமையும் பிழையும் ஒருங்கே நின்றாற்றான் அவன் இராவணன்.

மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் நம் பாட்டன்மார் விரதமிருந்து வளர்த்த செல்வங்கள். இன்று விழா மேடைகளிலே இராமனாகவும் முருகனாகவும் நிற்கப் பலர் முன்வருவர். இராவணனாகவும் சூரனாகவும் வரச் சிலரே துணிவர். நேரமில்லை என்று அப்பாத்திரத்தின் பாட்டை வெட்டி, அவனைக் கோமாளியாக்கிவிடுவதும் உண்டு. பாட்டும் அடவும் அறிந்த பெரியோர் நம்மிடையே வாழும்போதே அவற்றைக் கற்றுக்கொள்ளல் வேண்டும். இளைஞர்களே, அரக்கன் வேடத்திற்குப் பேருடல் வேண்டாம். அஞ்சாத குரலும் அயராத பயிற்சியுமே வேண்டும். பெரியோரை அணுகிக் கேளுங்கள். பெரியோர்களே, அள்ளி வழங்குங்கள்.